ஓசூரா தருமபுரியா, நர்சிங் ஹோமா ஜி.எச்.சா: பிரசவத்துக்கு எங்க போறது?

கேள்வி, 2 ஜூன் 2023

எங்க ஊரு பாலக்கோடு பக்கம். தங்கச்சிக்கு இது ஏழாவது மாசம், தலைப்பிரசவம். ஓசூர்ல இருக்கா, மாப்பிள்ளைக்குக் கம்பெனி வேலை. கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனா நர்ஸுங்க திட்டுவாங்க, கை நீட்டுவாங்கன்னு அவ மாமியார் சொல்றாங்க. பிரைவேட்டுக்குப் போனா வயித்தக் கிழிக்காம விடமாட்டாங்கன்னு எங்கம்மா சொல்றாங்க. ரெண்டு பக்கமும் பாத்தவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க.

2 ஜூன், ராத்திரி 10.40

ரெண்டு பக்கமும் பாத்தவ நான். 2015ல மூத்தவன், தருமபுரி டவுன்ல ஒரு நர்சிங் ஹோம், ஆபரேஷன். 2019ல சின்னவ, கவர்மெண்ட், சுகப்பிரசவம். உங்கம்மா சொல்றதுதான் சரி.

எனக்கும் வீட்டுக்காரருக்கு ஓசூர்ல வேலை. தலைப்பிரசவம் தாய்வீட்டுலதான்னு பாப்பாரப்பட்டிக்கு வந்திருந்தேன். சொன்ன தேதிக்கு நாலு நாள் முன்னாடி விடிகாலைல பனிக்குடம் உடைஞ்சுது. ஆறரை மணிக்கு நர்சிங் ஹோம்ல படுத்தாச்சு. பதினொன்னரைக்கு உள்ள வந்து, குழந்தைக்கு முடியல, உடனே எடுக்கணும், கையெழுத்துப் போடுங்கன்னாங்க. வீட்டுக்காரர் ராயக்கோட்டை வழியா பைக்ல வந்துட்டே இருந்தார். எங்கப்பாதான் போட்டார். ஒரு இடத்துல இல்ல, அஞ்சு இடத்துல. மூணாவது கையெழுத்துல பேனா தாள்ல கிழிச்சுட்டுப் போச்சு.

எனக்கு வலியே முழுசா வரல. 48,000 ரூபா பில். காசுக்காக வெட்டினாங்கன்னுதான் எட்டு வருஷமா எல்லாருக்கும் சொல்லிட்டு வரேன், இங்கயும் அதேதான் சொல்றேன்.

2 ஜூன், 11.20

தூக்கம் வரல, ஒண்ணு சேர்த்துடறேன். எங்க பாத்தாலும் சரி, தங்கச்சி பிக்மி நம்பர் வாங்கிட்டாளான்னு முதல்ல கேளுங்க. கர்ப்பத்தை அரசுல பதியற 12 இலக்க நம்பர் அது, கிராம சுகாதார நர்ஸம்மா பதிஞ்சு குடுப்பாங்க. அது இல்லாம பிறப்புச் சான்றிதழ் வாங்கறதுக்குள்ள அலைச்சல் தாங்க முடியாது. பிரைவேட்ல பாத்தாலும் வேணும். கர்ப்பிணிகளுக்கு அரசு தர்ற முத்துலட்சுமி ரெட்டி திட்டத்து 18,000 ரூபாய்க்கும் அந்தப் பதிவுதான் அடிப்படை. 14,000 பணமா தவணையில வரும், மீதிக்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் ரெண்டு. முதல் தவணைக்கு ஆரம்ப மாசத்துலயே பதிஞ்சிருக்கணும். பதியலன்னா இப்பவாவது நர்ஸம்மாவைப் பாருங்க.

3 ஜூன், மதியம்

கவர்மெண்ட்ல திட்டுவாங்களான்னு மூணு பேரு கேட்டிருக்கீங்க. திட்டுவாங்க. மறைச்சு என்ன ஆகப்போகுது.

எந்த ஆஸ்பத்திரின்னு எழுத மாட்டேன். பிரசவ வார்டு. பச்சை ரெக்ஸின் போட்ட இரும்புக் கட்டில் ஆறு. நடுவுல துணித் தடுப்பு, ஆனா அது பாதிதான் மறைக்கும். எனக்கு அடுத்த கட்டில்ல ஒரு பொண்ணு, பத்தொம்பது வயசு இருக்கும், அரூர் பக்கம். வலி தாங்காம கத்திட்டே இருந்தா. ராத்திரி டூட்டி நர்ஸ் ஒருத்தங்க வந்து, "அப்பத் தெரியலயா, இப்பக் கத்தற" ன்னாங்க. எல்லாரும் சொல்லக் கேட்டிருக்கேன், நேர்ல கேக்கறப்போ உடம்பெல்லாம் கூசிப் போச்சு. அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் வாயில முந்தானையைத் திணிச்சுட்டுப் படுத்திருந்தா. ஒரு பொண்ணு வாழ்க்கையிலயே பெரிய வலியில இருக்கறப்போ கேக்கற வார்த்தையா அது? இன்னைக்கு வரைக்கும் ஆறல எனக்கு.

அதே வார்டுல விடிஞ்சதும் டூட்டி மாறுச்சு. வந்த நர்ஸுக்கு அம்பது வயசு இருக்கும். நேரா அந்தப் பொண்ணுகிட்டப் போய், வாயில இருந்த துணியை எடுத்துட்டு, "கத்து கண்ணு, கத்துனா ஒண்ணும் தப்பில்ல, ஆனா நான் சொல்றப்போ மட்டும் மூச்சை அடக்கி முக்கணும்" ன்னாங்க. இடுப்புல கை வச்சு நீவி விட்டுட்டே பேசினாங்க. ஒரு மணி நேரத்துல குழந்தை வந்துடுச்சு.

அதனால கவர்மெண்ட்டா பிரைவேட்டான்னு கேட்டா, என்னத்தைச் சொல்ல. ராத்திரி டூட்டியும் பகல் டூட்டியும் ஒரே ஆஸ்பத்திரிதான்.

3 ஜூன், சாயங்காலம்

காசு கேப்பாங்களான்னு கேட்டதுக்கு: கேட்டாங்க. குழந்தையைத் துடைச்சுக் கொண்டு வந்த ஆயாம்மா, ஆம்பளைப் பிள்ளைன்னா ஆயிரம், பொண்ணுன்னா ஐந்நூறுன்னு வெளியில எங்கப்பாகிட்ட நின்னாங்க. அவரு எடுத்துக் குடுத்துட்டார். எனக்குக் கோவம் காசுக்காக இல்ல. பொறந்து பத்து நிமிஷம் ஆகல, அதுக்குள்ள எம் பொண்ணுக்குப் பாதி விலை. சாப்பாடு, மருந்து, ரத்தம், வீட்டுக்குக் கொண்டு விடற வண்டி எல்லாமே இலவசம்னு 2011ல இருந்தே மத்திய அரசுத் திட்டம் இருக்கு. யாருக்கும் ஒரு பைசா தரவேண்டியதில்ல. 104க்குப் போன் பண்ணிப் புகார் சொல்லலாம்னு எனக்கு அப்பத் தெரியாது.

4 ஜூன், காலைல

எம் பொண்ணு பொறந்த நிமிஷத்தை எழுதாம விட்டா மனசு கேக்காது.

வெளிய வந்ததும் டாக்டர் குழந்தையை என் முகத்துக்கு நேரா தூக்கிக் காட்டி, "என்ன குழந்தைன்னு நீயே பாத்துச் சொல்லும்மா" ன்னாங்க. அவங்க வாயால சொல்லல, நான்தான் சொல்லணும். பொண்ணுன்னேன். "சத்தமாச் சொல்லு." பொண்ணு! அப்புறம்தான் கையில கயிறு கட்டினாங்க. குழந்தை மாறிப்போச்சுன்னு பின்னால யாரும் பேச்சு வளக்கக் கூடாதுன்னு அப்படி ஒரு பழக்கம். அந்த நேரத்துல இதெல்லாம் யோசிக்கல. நானே சத்தமாச் சொன்னதுல எனக்கு அப்படி ஒரு சந்தோசம்.

நம்ம மாவட்டத்துக்காரங்களுக்கு இது ஏன் பெரிசுன்னு தெரியும். பொண் குழந்தையைக் கொல்லாம அரசுத் தொட்டில்ல விட்டுடுங்கன்னு தொட்டில் குழந்தைத் திட்டம் 1992ல சேலத்துல ஆரம்பிச்சு, 2001ல தருமபுரிக்கும் வந்தது ஏன்னு தெரியும். 1994லயே சட்டம் போட்டும் ஸ்கேன்ல ஆணா பொண்ணான்னு காசுக்குச் சொல்ற கும்பல் இங்க பிடிபட்டுட்டேதான் இருக்கு. தங்கச்சியை யாராவது 'சும்மா பாத்துட்டு வரலாம் வா' ன்னு கூப்பிட்டா அனுப்பாதீங்க.

5 ஜூன், ராத்திரி

நான் முதல்ல எழுதினது தப்பு. திருத்தணும்.

கேள்வி கேட்டவர் நேத்து, எதுக்காக ஆபரேஷன்னு பேப்பர்ல போட்டிருந்தாங்கன்னு கேட்டிருந்தார். நான் பாத்ததே இல்லைன்னு அப்பத்தான் உறைச்சுது. பீரோவுக்கு மேல இருந்த பழைய ஃபைலை இன்னைக்கு இறக்கினேன். மூத்தவனோட டிஸ்சார்ஜ் தாள். மடிப்புல மஞ்சளாகி, ரெண்டு வரி அழிஞ்சிருக்கு. என் நாத்தனார் லேப் டெக்னீஷியன், படிச்சுச் சொன்னா.

குழந்தை வயித்துக்குள்ளயே மலம் கழிச்சிருக்கான். கெட்டியா, பச்சையா. கூடவே இதயத்துடிப்பு இறங்கிட்டே இருந்திருக்கு, திரும்ப ஏற நேரம் எடுத்திருக்கு. மணி போட்டுத் தனித்தனியா எழுதியிருக்காங்க: 10.50, 11.05, 11.20. வெறும் மலம் கழிச்சது மட்டும்னா பத்துல ஒரு குழந்தை கழிக்கும், காத்திருந்து பாப்பாங்களாம். துடிப்பும் சேந்து இறங்கினா காத்திருக்க மாட்டாங்க. அந்தத் தண்ணியை இழுத்துட்டா நுரையீரலுக்குள்ள போயிடும்.

அவங்க காசுக்காக வெட்டல. என் பையனைக் காப்பாத்தியிருக்காங்க. எட்டு வருஷமா, வளைகாப்புக்கு வளைகாப்பு, போற இடமெல்லாம் அந்த டாக்டரம்மாவைப் பத்தி வேற கதை சொல்லியிருக்கேன். என் பேச்சைக் கேட்டு எத்தனை பேரு அங்க போகாம இருந்தாங்களோ. மனசு ரொம்பச் சங்கடமா இருக்கு.

6 ஜூன், விடிகாலை

இன்னொண்ணும் ராத்திரியே புரிஞ்சுது. 2019ல ரெண்டாவதுக்குப் போறப்போ இதே தாளைத்தான் கொண்டு போயிருக்கேன். ஒரு தரம் ஆபரேஷன் ஆனா ஆரம்ப சுகாதார நிலையத்துல வச்சுக்க மாட்டாங்க, பெரிய இடத்துக்குத்தான் அனுப்புவாங்க. அங்க பெரிய டாக்டர் இதை ரெண்டு தரம் படிச்சார். "இது திரும்ப வர்ற காரணம் இல்ல. நாலு வருஷம் இடைவெளி இருக்கு, தையலும் கீழ குறுக்காப் போட்டது. சுகப்பிரசவத்துக்கு முயற்சி பண்ணலாம், ஆனா தியேட்டர் பக்கத்துலயே இருக்கணும்" ன்னார். எனக்கு அப்ப ஒண்ணும் விளங்கல. இடுப்பெலும்பு குறுகலா இருந்து முதல் ஆபரேஷன் ஆனா, அந்த எலும்பு மாறப்போறதில்ல. என் காரணம் அந்த ஒரு நாளோட முடிஞ்சுபோன காரணம்.

பழைய தையல் விட்டுப் போற ஆபத்து 200ல 1 அளவுக்கு இருக்குன்னும் சொன்னார். வயித்துல பெல்ட் கட்டித் துடிப்பைப் பாத்துட்டே இருந்தாங்க, வலி வர ஊசி போடல. அந்தத் தாள் இல்லாமப் போயிருந்தா எதுக்கு ஆபத்துன்னு மறுபடி ஆபரேஷன்தான் பண்ணியிருப்பாங்க.

நான் திட்டிட்டு இருந்த டாக்டரம்மா மணி போட்டு எழுதி வச்ச தாள்தான் எம் பொண்ணைச் சுகமாப் பெத்துக்க வச்சிருக்கு.

ஆனா ஒரு குறை இன்னும் இருக்கு, அதை விடமாட்டேன். இதை அன்னைக்கே என்கிட்டச் சொல்லியிருக்கலாம். அவசரத்துல முடியல, சரி. அஞ்சு நாள் அங்கதானே படுத்திருந்தேன்? தினம் வந்து தையல் பாத்துட்டு, "நல்லா இருக்கு" ன்னுட்டுப் போனாங்க. ரெண்டு நிமிஷம் உக்காந்து, இதுனாலதாம்மா எடுத்தோம்னு சொல்லியிருந்தா எட்டு வருஷப் பொய் இருந்திருக்காது.

6 ஜூன், மதியம்

அப்ப பிரைவேட்ல எல்லா ஆபரேஷனும் தேவையானதுதானான்னு ஒருத்தர் கேட்டிருக்கார். அப்படி நான் சொல்லல. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புல 2019-21க்குத் தமிழ்நாட்டுல 100 பிரசவத்துக்கு ஏறக்குறைய 45 சிசேரியன். தனியார்ல மட்டும் எடுத்தா 64 கிட்ட, அரசுல 36. சிக்கலான கேஸெல்லாம் பெரிய அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் தள்ளி விடறாங்க, அப்படியும் தனியார்லதான் கூடுதல். உங்கம்மா பயம் வெறும் பயம் இல்ல. என் கேஸை வச்சு அதைச் சொன்னதுதான் தப்பு.

கழுத்துல கொடி சுத்தியிருக்குன்னு மட்டும் சொல்லி நாள் குறிச்சாங்கன்னா நிறுத்திக் கேளுங்க. நாலஞ்சு குழந்தைல ஒண்ணுக்குக் கொடி சுத்தியிருக்கும், பெரும்பாலும் நழுவிட்டு வந்துடும். எங்கண்ணிக்கு அதே காரணம், கூடவே மாமனார் நல்ல நேரம் குறிச்சுக் குடுத்தார். காலைல 9.10லிருந்து 9.40க்குள்ள எடுக்கணும்னு. எடுத்தாங்க. அங்க டாக்டரை மட்டும் என்ன சொல்றது?

8 ஜூன்

ஓசூர்லயே பாக்கறதா, ஊருக்கு வர்றதா, அதுக்கு யாரும் பதில் சொல்லல.

நான் தூரத்தைத்தான் பாப்பேன், பகல் தூரத்தை இல்ல, ராத்திரி ரெண்டு மணித் தூரத்தை. ஓசூர்ல இருக்கறவங்க பாதிப்பேரு பெங்களூர்தான் பக்கம்னு நினைக்கறாங்க. 40 கிலோமீட்டர்தான், அத்திப்பள்ளி தாண்டி நெரிசல்ல மாட்டினவங்களுக்குத் தெரியும் அந்த 40. இங்க தருமபுரியில முடியலன்னா சேலத்துக்கு அனுப்புவாங்க, 60 கிலோமீட்டருக்கு மேல, நடுவுல தொப்பூர் கணவாய். லாரி ஒண்ணு கவுந்தாப் போதும், ஆம்புலன்ஸ் நகராது.

அதனால ஒரே இடத்துல ராத்திரியும் ஆபரேஷன் பண்ற டாக்டர், மயக்க டாக்டர், ரத்தம், பச்சைக்குழந்தைக்கான வார்டு நாலும் இருக்கான்னு பாருங்க. பெரிய அரசு ஆஸ்பத்திரியில 'சீமாங்' னு போர்டு இருக்கும், அதுக்கு அர்த்தம் அதுதான். சின்ன நர்சிங் ஹோம்ல டாக்டரம்மா தங்கமானவங்களா இருப்பாங்க, மயக்க டாக்டர் வேற ஊர்ல இருந்து வரணும். ஓசூரோ தருமபுரியோ, இதுக்கு எங்க பதில் சரியா வருதோ அங்க. தங்கச்சிக்கு ரத்தத்துல ஹீமோகுளோபின் எவ்வளவு இருக்கு? 11க்குக் கீழ இருந்தா அந்த அளவை இப்பவே கூட்டணும், ரெண்டு மாசம் இருக்கு, போதும். ஆரம்ப சுகாதார நிலையத்துலயே இரும்புச்சத்து ஊசி டிரிப்ஸ்ல போடறாங்க.

9 ஜூன்

ரத்தம்னு எழுதினதும் அத்தை ஞாபகம்.

எங்கப்பாவோட தங்கச்சி. 1986. எங்க பாட்டியே ஊருக்கு மருத்துவச்சி, நாப்பது அம்பது குழந்தைக்கு மேல எடுத்தவங்க. சொந்தப் பொண்ணுக்கும் அவங்கதான் பாத்தாங்க. குழந்தை நல்லபடியா வந்துடுச்சு, நஞ்சுக்கொடியும் வந்துடுச்சு. அதுக்கப்புறம் உதிரம் நிக்கல. வயித்துல துணி வச்சுக் கட்டினாங்க, கால் பக்கம் கட்டிலைத் தூக்கி வச்சாங்க. கயித்துக் கட்டில்லயே தூக்கிட்டு ரோட்டுக்கு வந்து, முதல் பஸ்ஸுக்குக் காத்திருந்திருக்காங்க. பஸ் வந்தப்போ தேவையில்லாமப் போச்சு. பாட்டி அதுக்கப்புறம் யாருக்கும் பிரசவம் பாக்கல. கூப்பிட வந்தா உள்ள போய் உக்காந்துக்குவாங்க.

2019ல எனக்குக் குழந்தை வந்த உடனே தொடையில ஒரு ஊசி போட்டாங்க. ஒரு நிமிஷத்துக்குள்ள போடணும்னு நர்ஸம்மா சொன்னாங்க, கர்ப்பப்பை இறுகி ரத்தம் நிக்கறதுக்கு. 10 யூனிட், சின்ன ஆம்ப்யூல். எங்கப்பாகிட்ட அதைச் சொன்னப்போ, "அவ்வளவுதானா?" ன்னு கேட்டுட்டு வெளிய போயிட்டார். ரொம்ப நேரம் வரல.

வீட்டுலயே யோகா பண்ணிப் பிரசவம் பாக்கலாம், அந்தக் காலத்துல பாக்கலையான்னு இங்க ஒருத்தர் எழுதியிருக்கார். அந்தக் காலத்துல பாத்தாங்க. எங்கத்தை படம்கூட வீட்டுல இல்ல. பென்னாகரத்துக்கு மேல அலக்கட்டு மாதிரி மலையூர்ல இருந்து ரோடு இல்லாம டோலி கட்டித் தூக்கிட்டு வர்றாங்களே, அவங்ககிட்டப் போய் இதைச் சொல்லிப் பாருங்க.

12 ஜூன்

சின்னச் சின்னதா விட்டுப்போனது.

சீம்பாலைப் பீச்சி ஊத்தச் சொன்னா ஊத்தாதீங்க, ஒரு மணி நேரத்துக்குள்ள அதைத்தான் குடுக்கணும். மூத்தவனுக்கு எங்க பெரியம்மா பேச்சைக் கேட்டுச் சக்கரைத் தண்ணி வச்சேன். பெத்தவளுக்குத் தண்ணி குடுத்தா வயிறு ஊதும்னு ரெண்டு டம்ளரோட நிறுத்துவாங்க, அதையும் கேக்காதீங்க, பால் வேற எங்கிருந்து வரும்? களியும் கருவாட்டுக் குழம்பும் பூண்டும் மட்டும் எங்கம்மா கைல வாங்கிச் சாப்பிட்டேன், அதுல குறையே சொல்ல மாட்டேன். கவர்மெண்ட்ல குடுத்த பெட்டகத்துல குழந்தைக்கு வலை, துண்டு, சோப்போட தாய்க்குச் சௌபாக்கிய சுண்டி லேகியமும் இருந்துச்சு. அம்மா மூடியைத் திறந்து மோந்து பாத்துட்டு, "நம்ம காய மருந்துதான்டி, சக்கரை கொஞ்சம் தூக்கல்" ன்னாங்க. அதுக்கப்புறம்தான் அந்த ஆஸ்பத்திரி மேல அவங்களுக்கு நம்பிக்கையே வந்துச்சு.

19 ஜூன்

தங்கச்சியைக் கூட்டிட்டுப் போய் ரெண்டு இடமும் பாத்துட்டு வந்தோம், கவர்மெண்ட்லயே பாக்கறதுன்னு முடிவு, ஒன்பதாம் மாசம் பொறக்கறதுக்குள்ள பாலக்கோட்டுக்கு வந்துடுவான்னு எழுதியிருக்கீங்க. ரொம்ப சந்தோசம். ஓசூர்ல எடுத்த ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் ஒரே ஃபைல்ல இருக்கட்டும்.

பிரசவ அறைக்குள்ள கூட ஒரு பொம்பளையை விடுவாங்க, யாரை அனுப்பறதுன்னு கேட்டீங்க. உங்கம்மா அழுவாங்கன்னா வேண்டாம். எனக்கு ரெண்டாவதுக்கு உள்ள வந்தது அண்ணிதான். அவங்க தனக்கு நடந்ததை நினைச்சோ என்னமோ, ஒவ்வொரு ஊசிக்கும் இது எதுக்குன்னு கேட்டுட்டே இருந்தாங்க. ஒரு நர்ஸ் எரிஞ்சு விழுந்தாங்க, ஒருத்தங்க பதில் சொன்னாங்க. அண்ணி ரெண்டு பேரையும் விடல.

முன்னாடி பட்டன் வச்ச நைட்டி ரெண்டு, துவைச்ச பழைய காட்டன் புடவை நாலு, பிளாஸ்க். வீட்டுக்கு வர்றப்போ 102 வண்டி வரும், கேட்டு வாங்குங்க. டிஸ்சார்ஜ் தாளை வண்டியில ஏறறதுக்கு முன்னாடி படிச்சுப் பாத்துடுங்க. புரியலன்னா அங்கயே, அப்பவே கேளுங்க.